மூன்றாவது தட்டு

கையுறைப் பெட்டியை நகர்த்தியதும் அந்தத் தட்டு கண்ணில் பட்டது. வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஆய்வக மேசையைத் துடைப்பது பூசணக்காவின் வேலை இல்லை. துடைக்கும் அம்மாவுக்கு முதுகுவலி, இரண்டு நாளாக வரவில்லை. சிந்திய நீலச் சாயம் மேசையில் காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. திட்டிக்கொண்டே துணியை எடுத்துத் துடைத்தாள். பெட்டிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, உள்ளங்கை அகலத்தில், மூடி போட்ட ஒரு தட்டு.

மூடியில் அவள் கையெழுத்து: கண் 214.

துணியைக் கீழே வைத்தாள். 214 என்பது அவள் நாத்தனார்.

அந்த ஆய்வகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கும், அதோடு சரி. ரத்த மேசையில் இருப்பவர் ரத்தம். சிறுநீர் மேசையில் இருப்பவள் சிறுநீர். "ரத்தம் லீவு, சிறுநீர் சாப்பிடப் போயிருக்கு" என்று போனில் சொன்னால் மறுமுனை சற்று நேரம் மூச்சு விடாது. பூசண மேசையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருப்பவள் பூசணக்கா. உடல்வாகும் அந்தப் பெயருக்குத் தோதாக இருந்ததில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. இளைத்துக் காட்டி யாரைத் திருப்திப்படுத்த வேண்டும்?

கருவிழியில் புண் என்றால் கண் டாக்டர் மெல்லிய கத்தியால் அதன் ஓரத்தைச் சுரண்டி அனுப்புவார். எள்ளில் பாதி இருக்கும். அதை மூன்று தட்டுகளில், கெட்டியான கூழின் மேல், சின்னச் சின்னப் பிறைகளாக வரிசை வரிசையாய் இழுக்க வேண்டும். பிறையின் மேல் ஏதாவது முளைத்தால் அது கண்ணிலிருந்து வந்தது. பிறைக்கு வெளியே முளைத்தால் காற்றிலிருந்து விழுந்தது. அந்த மேசைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். பதினோரு பிறைகள். அவற்றில் ஒன்பதின் மேல் வெள்ளையாக, சலித்த மாவைத் தூவியதுபோல, வளர்ந்திருந்தது. பிறைக்கு வெளியே ஒரு புள்ளிகூட இல்லை.

சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஏனென்றால் முந்தின நாள்தான் 214க்கு அவள் அறிக்கை அனுப்பியிருந்தாள்: 'மூன்று தட்டுகள். ஐந்து நாள். வளர்ச்சி இல்லை.'

மூன்று என்று எழுதியது பழக்கதோஷம். எப்போதும் மூன்று தட்டு, ஆகவே மூன்று என்று எழுதினாள். பார்த்தது இரண்டைத்தான். மூன்றாவதைப் போன வெள்ளிக்கிழமை கையுறைப் பெட்டி அருகில் வைத்தது, அந்த நேரம் பார்த்து நாத்தனார் வராந்தாவில் நின்று, "என் கண்ணுல என்ன சினிமாவா ஓடுது, எல்லாரும் வந்து வந்து பாக்குறீங்க?" என்று நர்ஸிடம் கத்தியது, சமாதானம் செய்ய இவள் ஓடியது, திரும்பி வந்ததும் கண்ணில் பட்ட இரண்டு தட்டை மட்டும் இன்குபேட்டருக்குள் தள்ளியது, எல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது.

அறிக்கையை நம்பிக் கண் டாக்டர் முடிவெடுத்துவிட்டார். கிருமி எதுவும் இல்லை, வெறும் வீக்கம்தான். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாளைக் காலை எட்டு மணிக்கு ஆரம்பிப்பது. சாதாரணப் புண்ணுக்கு அது நல்ல மருந்து. பூசணம் இருக்கும் கண்ணில் அதை விட்டால், உடம்பின் காவல்காரனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. நான்கு நாளில் கண் போய்விடும்.

நாத்தனாரை அவளுக்குப் பிடிக்காது. கல்யாணமான முதல் வாரமே, "எங்கண்ணனுக்கு இதைவிட நல்ல இடம் வந்துச்சு" என்று சமையலறையில் நின்று சொன்னவள். பதினாறு வருடத்தில் இருவரும் நல்லபடியாகப் பேசிய வார்த்தைகளைச் சேர்த்தால் ஒரு தபால் அட்டை நிறையாது. அதனால் என்ன? பிடிக்காதவளுக்கும் கண் இரண்டுதான்.

தட்டோடு, ஆய்வகத் தலைவரான லேப் டாக்டரின் அறைக்குள் போனாள்.

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை எந்தத் தாளும் தன்னைத் தேடி வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் கொள்கை. தட்டைத் தொடாமல் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கண்ணு 214 சார். நேத்து வளர்ச்சி இல்லன்னு அனுப்பினோம். இது மூணாவது தட்டு. மேசையிலயே இருந்திருக்கு. நான் பாக்கல."

"மேசையிலயா? ஆறு நாளா?"

"ஆமா."

"அப்ப காத்துல விழுந்த பூசணம். தூக்கிப் போடு."

"பிறை மேல மட்டும் வந்திருக்கு சார். ஒன்பது பிறை. காத்துல வர்றது கோடு பாத்தா விழும்?"

"மத்த ரெண்டு தட்டுல?"

"இல்ல."

"அவ்வளவுதானே. ரெண்டுல இல்லாம ஒண்ணுல மட்டும் வந்தா அது குப்பை. உனக்கே நான் பாடம் எடுக்கணுமா?"

"மத்த ரெண்டும் பெரியவருக்குள்ள இருந்துச்சு சார். இது வெளிய இருந்துச்சு. அதான் வித்தியாசம்."

லேப் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் என்ற சொல் அந்த அறையில் யாருக்கும் பிடித்த சொல் இல்லை.

ஆய்வகத்தில் இரண்டு இன்குபேட்டர்கள். பெரியவர் அலமாரி உயரம். உள்ளே முப்பத்தேழு டிகிரி, மனித உடம்பின் சூடு. சின்னவர் இடுப்பு உயரம்; இருபத்தைந்து டிகிரி, நிழலில் வைத்த பானையின் சூடு. கிருமித் தட்டுகள் பெரியவருக்குள் போகும், பூசணத் தட்டு சின்னவருக்குள் போகும். பதினோரு மாதத்துக்கு முன் சின்னவர் ஒரு நாள் தடதடவென்று நடுங்கி நின்றுபோனார். புதியது கேட்டுக் கடிதம் போனது. கடிதத்துக்குப் பதில் கடிதம் வந்தது. அதற்கும் பதில் போனது. அதுவரை எல்லாவற்றையும் பெரியவருக்குள்ளேயே வைக்கச் சொல்லி லேப் டாக்டர்தான் சொன்னார். வழக்கமாகக் கண்ணுக்கு வரும் பூசணங்கள் அந்தச் சூட்டையும் தாங்கி வளர்ந்தன. அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வளர்ந்தது கணக்கில் வந்தது; வளராததை யார் தேடுவார்?

"இங்க பாரும்மா," என்றார், குரலைத் தணித்து. "ரெண்டு மெமோ ஏற்கெனவே உன் பைல்ல இருக்கு. ஒண்ணு லேட்டு, ஒண்ணு வாய். பாக்காத தட்டைப் பாத்ததா எழுதினேன்னு நீயே வந்து சொன்னா மூணாவது. மூணாவதுன்னா என்னன்னு தெரியுமில்ல? தட்டைக் குப்பையில போடு. நான் எதையும் பாக்கல."

"எனக்குக் கண்ணு தெரியுது சார். அதான் பிரச்சனை."

"அதான் சொன்னேன், வாய்."

தட்டோடு வெளியே வந்தாள். குப்பைக் கூடை வழியில்தான் இருந்தது. தாண்டிப் போனாள்.

மூன்று மாடி ஏறினால் கண் வார்டு. நாத்தனார் கடைசிக் கட்டிலில், இடது கண்ணில் துளைத் தகடு ஒட்டி, வலது கண்ணால் உலகத்தை முறைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வாங்க அண்ணி. கண்ணு போயிடுச்சான்னு பாக்க வந்தீங்களா? இன்னும் இருக்கு."

"வாயும் இருக்கு. கேக்குறதுக்குப் பதில் சொல்லு. பூப்பண்ணையில உனக்கு என்ன வேலை?"

"பதினாறு வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?"

"சொல்லு."

"பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள பூ வளக்குறாங்க. நான் மருந்தடிக்கிறேன். முன்னாடி விஷ மருந்து, தலை சுத்தும். இப்ப புதுசா வெள்ளைப் பொடி. தண்ணியில கலந்து இலைக்கு அடியில அடிக்கணும். ஈ எல்லாம் செத்துடும். இயற்கையாம். வாசனைகூட இல்ல."

"செத்த ஈ எப்படி இருக்கும்?"

நாத்தனார் யோசித்தாள். "அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கும். நாலு நாள்ல மேல வெள்ளையா பஞ்சு மாதிரி முளைச்சிடும். பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஏன்?"

"கண்ணுல பட்டுச்சா?"

"குழாய் முனை அடைச்சுக்கிச்சு. வாயால ஊதினேன். மூஞ்சி பூரா தெறிச்சுது. தண்ணி விட்டுக் கழுவிட்டு வேலையப் பாத்தேன். கண்ணாடி ஒண்ணு குடுத்தாங்க, அதுல கீறல், ஒண்ணுமே தெரியாது. அதைப் போட்டுக்கிட்டா இலையையா அடிப்பேன், சூப்பர்வைசரையா அடிப்பேன்? ஏன் அண்ணி, என் கண்ணுக்குள்ள என்ன, காளான் பண்ணையா வச்சிருக்கு?"

"கிட்டத்தட்ட."

நாத்தனார் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

"போயிடுமா?"

"நாளைக்குக் காலையில சொட்டு மருந்து கொண்டு வருவாங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதே. கையைத் தட்டி விடு. கத்து. அது உனக்கு நல்லா வரும்."

பூப்பண்ணைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்தான். போகவர அதுவே ஆகிவிடும். ஆகட்டும்.

பூச்சியைக் கொல்லும் பூசணங்களை அவள் பார்த்ததில்லை, படித்திருக்கிறாள். நிறையவே படித்திருக்கிறாள், வீட்டில் மற்றவர்கள் தொடர் பார்க்கும் நேரத்தில் அவள் அதைத்தான் படிப்பாள். ஒன்று எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதைச் செடியில் ஏறச் செய்து, இலையின் அடியில் கடித்துத் தொங்கவிட்டுத் தலையைப் பிளந்து வெளியே வரும். ஒன்று ஈயைச் சாகும் நேரத்தில் இறக்கையை விரிக்க வைக்கும், விதைத்தூள் தடையில்லாமல் பறக்கட்டும் என்று. ஒன்று சில்வண்டின் பின்பாதியைத் தின்று தீர்த்த பிறகும் முன்பாதியைப் பறக்க விடும். மண்ணுக்குள் புழுவுக்காகக் காத்துக் கிடப்பது பச்சை. வண்டின் மேல் பூப்பது வெள்ளை. ஊதா நிறத்தில்கூட உண்டு. பூச்சிக்கு வாய் வழியாகப் போக வேண்டும் என்பதில்லை, உடலின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டே நுழைந்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம்.

மனிதனிடம் வருபவை வேறு கூட்டம். கால்விரல் இடுக்கு, நகம், தலைத்தோல், சில சமயம் நுரையீரல். பூசண வகைகள் லட்சக்கணக்கில் இருக்க, மனிதனைத் தொடுபவை சில நூறுதான். காரணம் நம் அறிவு இல்லை, நம் சூடு. முப்பத்தேழு டிகிரியில் பெரும்பாலானவை வாடிவிடும். பூச்சிப் பூசணமும் அப்படித்தான். உடம்புக்குள் போனால் வெந்துபோகும். ஆனால் கருவிழி வெளியே நிற்கிறது. காற்றுப் பட்டுப் பட்டு மூன்று நான்கு டிகிரி குறைவாகவே இருக்கும். கோட்டைச் சுவர் முழுக்க நெருப்பு, ஜன்னலில் மட்டும் இல்லை. பெரியவர் அந்த ஜன்னலை மறந்துவிட்டார்.

பண்ணை வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நாத்தனார் பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது.

"அவங்களுக்கு லீவு குடுத்திருக்கோமே. உள்ள யாரும் போகக்கூடாது."

"அந்த வெள்ளைப் பொடியில கொஞ்சம் வேணும்."

"எதுக்கு? அதெல்லாம் இயற்கைங்க. மூட்டையில போட்டிருக்கு பாருங்க, மனிதருக்குத் தீங்கற்றதுன்னு. தண்ணியில கலந்து நானே குடிச்சுக் காட்டட்டுமா?"

"குடிங்க. ஒண்ணும் ஆகாது. வயித்துக்குள்ள சூடு இருக்கு." அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "குடிக்க வேண்டாம். கண்ணுல ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

சூப்பர்வைசர் வாசல் கதவை இழுத்துப் பாதி சாத்தினான்.

"மூட்டையில கீழ பொடி எழுத்துலயும் ஏதோ போட்டிருக்குமே. கண்ணாடி, முகமூடி போட்டு அடிக்கணும்னு. அதையும் படிச்சீங்களா? இல்ல மேல இருக்கிற பெரிய எழுத்தோட நிறுத்திட்டீங்களா?"

"வெளிய போங்க முதல்ல."

"வெளியதான் நிக்கிறேன்."

பொடி கிடைக்கவில்லை. ஆனால் வேலியோரம் கழித்துப் போட்ட செடிகள் குவிந்து கிடந்தன. குனிந்து ஒரு இலையைத் திருப்பினாள். அடியில் வரிசையாக ஈக்கள், பறக்கப் போகிற நிலையில் அசையாமல், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பஞ்சு. குளிருக்குப் போர்த்திக்கொண்ட மாதிரி. அவன் பார்க்கப் பார்க்க நான்கு இலைகளைக் கிள்ளி, சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினாள். காலையில் கொண்டு வந்த சாப்பாட்டை ஏற்கெனவே பஸ் நிறுத்தத்தில் ஒரு நாய்க்குப் போட்டிருந்தாள். நாய்க்கு அதன் ருசி பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒட்டும் நாடாவைத் தட்டின் மேல் மெல்ல அழுத்தி எடுத்து, நீலச் சாயச் சொட்டில் ஒட்டி முதல் ஸ்லைடு. அதேபோல ஈயின் முதுகிலிருந்து இரண்டாவது. நுண்ணோக்கியில் குனிந்தாள்.

மின்னல் வரைந்ததுபோல வளைந்து வளைந்து போகும் மெல்லிய காம்பு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு குட்டி உருண்டை. பதினான்கு வருடத்தில் ஆய்வக ஜன்னல் வழியாகக் காற்றில் வந்து தட்டில் விழுந்த பச்சைப் பூசணமும் கறுப்புப் பூசணமும் அவளுக்கு அத்துப்படி. இது அவற்றில் எதுவும் இல்லை. ஸ்லைடை மாற்றினாள். ஈயின் முதுகிலும் அதே மின்னல், அதே உருண்டை. கண்ணும் ஈயும் இரட்டைப் பிள்ளைகள்.

லேப் டாக்டர் கதவைத் திறந்தபோது அவள் பழைய நுண்ணோக்கியின் மின்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்தது. இரும்பு, ஒரு சின்னப் பிள்ளை எடை.

"எங்கம்மா தூக்கிட்டுப் போறே?"

"கண் டாக்டர்கிட்ட சார்."

"லேப் சாமான் லேபை விட்டு வெளிய போகக்கூடாது."

"அவங்க கீழ வர மாட்டாங்க சார். ஆபரேஷன் நாள். அதனால இது மேல போகுது."

"நான் கையெழுத்து போடாம எந்த ரிப்போர்ட்டும் போகாது, தெரியுமில்ல?"

"ரிப்போர்ட் போகல சார். நான் போறேன்."

லிஃப்ட்காரர், நோயாளிக்கு மட்டும்தான் என்றார். "இதுவும் நோயாளிதான், லென்ஸ்ல கீறல்" என்றாள்; அவர் மசியவில்லை. நுண்ணோக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கியபோது, எதிரே வந்த சிறுநீர், "என்னக்கா, பூசணத்துக்குக் கல்யாணமா? ஊர்வலமா?" என்றாள். "ஆமா, மாப்பிள்ளை ஈ" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினாள்.

கண் டாக்டர் ஆபரேஷன் அறை வாசலில், தொப்பியோடு, நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். வேகமான பெண்மணி, பாதி வாக்கியத்திலேயே அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். பூசணக்கா நுண்ணோக்கியை வராந்தாவின் மருந்து வண்டி மேல் இறக்கிக் கம்பியைச் செருகினாள்.

"டாக்டர், 214க்கு நேத்து நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு."

பிஸ்கட் பாதியில் நின்றது. "தப்புன்னா?"

"மூணு தட்டுன்னு எழுதினேன். ரெண்டுதான் பாத்தேன். மூணாவதை மேசையில மறந்துட்டேன். அதுல பூசணம் வந்திருக்கு. பிறை மேல மட்டும். மத்த ரெண்டும் சூட்டுல இருந்ததால வரல. இது கண்ணு. இது அவங்க வேலை செய்ற இடத்துல செத்த ஈ. பாருங்க."

கண் டாக்டர் குனிந்து பார்த்தார். ஸ்லைடை மாற்றச் சொன்னார். மறுபடி முதல் ஸ்லைடு. ஆபரேஷன் அறைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கையை மட்டும் உயர்த்தி நிறுத்தினார்.

"இதை லேப் டாக்டர் பாத்தாரா?"

"பாக்க மாட்டேன்னுட்டார். தட்டு குப்பைன்னார்."

"நீங்க சொல்றது தப்பா இருந்து நான் பூசண மருந்து போட்டா, நாள் வீணாகும். நீங்க சொல்றது சரியா இருந்து நான் ஸ்டீராய்டு போட்டா..." முடிக்கவில்லை. இந்த முறை அவசரத்தால் இல்லை. "இன்னொரு தடவை சுரண்டறேன். இன்னும் ஆழமா. இங்கயே பாத்துச் சொல்லுங்க."

சுரண்டும்போது நாத்தனார் போட்ட சத்தம் கீழ் மாடிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வண்டியின் பக்கத்தில் நின்றபடியே பூசணக்கா புது ஸ்லைடை எடுத்தாள். திசுவைக் கரைக்கும் மருந்து ஒரு சொட்டு, பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் லேப் டாக்டர் படியேறி வந்து வராந்தாவின் கோடியில் நிற்பதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தாள். பிறகு குனிந்தாள். கரைந்த திசுவுக்கு நடுவே, கிளைவிட்ட இழைகள். குறுக்கே கணுக்கள். சந்தேகத்துக்கே இடமில்லை.

நகர்ந்து நின்று கண் டாக்டருக்கு இடம் விட்டாள்.

கண் டாக்டர் பார்த்தார். பிறகு நேராகக் கடைசிக் கட்டிலுக்குப் போய், தொங்கிய அட்டையில் நாளைய மருந்தின் மேல் இரண்டு கோடு கிழித்தார். பூசணத்துக்கான சொட்டு, மணிக்கு ஒரு தடவை, இப்போதே.

"மணிக்கு ஒரு தடவையா?" என்றாள் நாத்தனார். "தூங்க விட மாட்டீங்களா?"

"கண்ணு இருந்தாத்தானே மூடித் தூங்க முடியும்" என்றாள் அண்ணி.

பதினெட்டு நாள் ஆனது. மருந்துக்கு அந்தப் பூசணம் லேசில் அடங்கவில்லை; இரண்டாவது மருந்தும் சேர்க்க வேண்டியிருந்தது. கடைசியில் புண் ஆறியது. கருவிழியின் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் நாத்தனார் அந்தக் கண்ணால் ஐந்தாவது வரிவரை படித்தாள். ஆறாவது வரி தெரியவில்லை. "தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, அதுல என்ன என் பேரா போட்டிருக்கு?" என்றாள். பிறகு அண்ணியைப் பார்த்து, "ஒத்தைக் கண்ணால பாத்தப்ப நீங்க கொஞ்சம் இளைச்சாப்ல இருந்தீங்க. இப்ப பழையபடிதான்" என்றாள். அது நன்றி. அவளிடம் அந்த அளவில்தான் கிடைக்கும்.

நாத்தனார் எழுத்து அட்டை படித்த மறுநாள் லேப் டாக்டர் பூசணக்காவைக் கூப்பிட்டார். மேசையில் தேநீர் இருந்தது, இரண்டு கோப்பை. அதைக் கண்டதுமே பூசணக்காவுக்குச் சங்கதி பிடிபட்டது.

"கண் டாக்டர் உன்னைப் பத்தி மேலிடத்துக்கு எழுதியிருக்காங்க. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நம்ம லேபுக்கே பேரு." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து போடு. மெமோவே வராது."

படித்தாள். 'ஆய்வகத் தலைவரின் அறிவுறுத்தலின்படி மூன்றாவது தட்டு அறை வெப்பநிலையில் வைக்கப்பட்டது.'

"நீங்க எப்ப சார் அறிவுறுத்தினீங்க?"

"ஏம்மா, உன்னைக் காப்பாத்தத்தானே எழுதியிருக்கேன். மறந்து வச்சேங்கிறதைவிட, வேணும்னு வச்சோம்கிறது நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. இதுல கையெழுத்து போட்டா, நாம எப்பவும் ஒரு தட்டை வெளிய வச்சோம்னு ஆயிடும். அப்ப இந்தப் பதினோரு மாசம்?"

"எந்தப் பதினோரு மாசம்?"

"சின்னவர் செத்த பதினோரு மாசம். பதிவேட்டைப் பாத்தேன். கண்ணுல புண்ணோட வந்து, வளர்ச்சி இல்லன்னு நாம அனுப்பினது முப்பத்தெட்டுப் பேரு. எல்லாத்தையும் பெரியவருக்குள்ளதான் வச்சோம். அதுல எத்தனை பேருக்கு ஸ்டீராய்டு போட்டாங்களோ. நான் மறந்துபோய் வெளிய வச்ச ஒண்ணே ஒண்ணுலதான் உண்மை வந்திருக்கு."

"முப்பத்தெட்டுல எல்லாமே பூசணமா இருக்கப் போகுதா?"

"இருக்காது. ஒண்ணோ ரெண்டோ இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். கூப்பிட்டுப் பாத்தாத்தானே தெரியும். இந்தத் தாள்ல கையெழுத்து போட்டா யாரும் கூப்பிடவே மாட்டாங்க."

தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. லேப் டாக்டர் அதையே பார்த்தார். "முப்பது வருஷம் வேலை பாத்திருக்கேன்மா," என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மிரட்டியிருந்தால் சுலபம்.

"புது இன்குபேட்டர் கேட்டு நீங்க அனுப்பின கடிதமெல்லாம் பைல்ல இருக்கு சார். ஏழு கடிதம். அதையும் சேத்து வைங்க. உங்க மேல மட்டும் விழாது."

தாளைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினாள். முப்பத்தெட்டு எண்களும் எழுதிய பட்டியலின் ஒரு பிரதியை அதன் மேல் வைத்தாள். இன்னொரு பிரதி காலையிலேயே மூன்றாம் மாடிக்குப் போயிருந்தது.

மூன்றாவது மெமோ வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு மாதம் சம்பளமில்லாத பணி இடைநீக்கம், திங்கள் முதல். அச்சடித்த படிவம், அடியில் 'என் தவறுக்கு வருந்துகிறேன்' என்ற வரியும், கையெழுத்துக்கு ஒரு கோடும். ரத்தமும் சிறுநீரும் தத்தம் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பூசணக்கா அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: 'பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதற்கு வருந்துகிறேன். தட்டைக் குப்பையில் போடாததற்கு வருந்தவில்லை.' கோட்டில் கையெழுத்துப் போட்டாள். பெற்றோர் வைத்த பெயர். வெகுநாள் ஆனதால் எழுத்துகளை ஒரு முறை சரிபார்த்தாள்.

மணி மூன்று. இன்னும் இரண்டு மணி நேரம் வேலை இருந்தது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சுரண்டல் வந்திருந்தது. பட்டியலில் இருந்தவர்களில் முதலில் வந்த ஆள், ஒரு தச்சர். ஆறு மாதத்துக்கு முன் 'வளர்ச்சி இல்லை' என்று அனுப்பப்பட்டவர். கண் இன்னும் சிவந்தே இருக்கிறதாம்; கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

மூன்று தட்டு எடுத்தாள். பிறைகளை இழுத்தாள், ஒவ்வொன்றிலும் பதினொன்று. இரண்டைப் பெரியவருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். மூன்றாவதின் மூடியில் எண்ணை எழுதி, அதன் கீழே பெரிய எழுத்தில் 'வெளியே. வேண்டுமென்றே' என்று எழுதினாள். இந்த முறை கையுறைப் பெட்டிக்கு முன்னால் வைத்தாள்.